எதிர்நூலிலும் பட்டை வருகிறது: நீள் ஆர்.என்.ஏ.வின் வடிவத்தைப் புரதம் உண்மையிலேயே பார்க்கிறதா?

#1 நெல்லிக்கனி

எல்லோருக்கும் வணக்கம். ஆய்வுப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். நான் பார்ப்பது புரதத்துக்குக் குறியாக்கம் செய்யாத ஒரு நீள் ஆர்.என்.ஏ. ஆய்வகத்தில் எல்லோரும் ‘லிங்க் ஆர்.என்.ஏ.’ என்றுதான் சொல்கிறோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஆய்வு இன்னும் வெளியாகவில்லை என்பதால் அதன் பெயரைச் சொல்லவில்லை, மன்னிக்கவும்.

பயோட்டின் ஒட்டிய ஆர்.என்.ஏ.வைச் சோதனைக் குழாயில் தயாரித்தேன். செல் சாற்றோடு கலந்து, ஸ்ட்ரெப்டாவிடின் காந்த மணிகளால் இழுத்தெடுத்து, மரபணுக்களை அடக்கும் பி.ஆர்.சி.2 என்ற புரதக் கூட்டமைப்பில் உள்ள ஈ.இசட்.எச்.2 புரதத்துக்கு வெஸ்டர்ன் பிளாட் (புரதம் இருந்தால் சவ்வில் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்தேன். அழகான பட்டை வந்தது. அன்று மாலை எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

மறுவாரம் கட்டுப்பாட்டுச் சோதனைக்காக எதிர்நூலை, அதாவது எதிர் இழையின் வரிசையுள்ள, புரதம் ஒட்டக் கூடாத ஆர்.என்.ஏ.வை வைத்துச் செய்தேன். அங்கேயும் பட்டை. உண்மையைச் சொன்னால், முதலாவதைவிடச் சற்றுத் தடிமனாகவே இருந்தது.

மடிப்பைக் கணிக்கும் நிரலில் வரிசையைக் கொடுத்தால் நான்கு கொண்டை ஊசி வளைவுகளுடன் ஒரு படம் தருகிறது. அதில் இரண்டாவது வளைவுதான் புரதத்தைப் பிடிக்கிறது என்று கட்டுரை எழுதலாம் என்பது ஆய்வகத்தின் எண்ணம். எனக்கு உறக்கம் வரவில்லை. புரதம் வடிவத்தைப் பார்த்துத்தான் ஒட்டுகிறது என்பதை எப்படி நிரூபிப்பது?

#2 பழைய_பைப்பெட்

எதிர்நூல் வைத்தீர்களே, அதற்கே பாராட்டுகள். பலர் அதைச் செய்வதில்லை, செய்தாலும் அந்தப் படத்தை இழுப்பறையிலேயே வைத்துவிடுகிறார்கள்.

உங்கள் பட்டைக்குக் காரணம் ஏறத்தாழத் தெரிந்ததுதான். பி.ஆர்.சி.2 என்பது, டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன்களில் ஒன்றான எச்3 புரதத்தின் 27ஆவது லைசினில் மெத்தில் குறி இடுகிற நொதிக் கூட்டமைப்பு. ஆர்.என்.ஏ. விஷயத்தில் அது ஆள் பார்ப்பதில்லை, எதைக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளும். 2013இல் தாமஸ் செக்கின் குழு தூய்மைப்படுத்திய பி.ஆர்.சி.2-ஐ வைத்து இதைக் காட்டியது. மனித செல்லுக்குச் சம்பந்தமே இல்லாத பாக்டீரியா ஆர்.என்.ஏ.வையும் அது நன்றாகவே பிடித்தது. நூல் நீள நீளப் பிடிப்பும் கூடியது. குவானின் (ஜி எழுத்து) தொடர்ந்து வரும் பகுதிகள் மீதும் அவை மடிந்து உருவாகும் நான்கிழை முடிச்சுகள் மீதும் அதற்குத் தனி விருப்பம் உண்டு என்பது பிறகு தெரிந்தது. உங்கள் எதிர்நூலில் குவானின் வரிசைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இந்தத் துறையே ஒருமுறை இதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறது. எக்ஸிஸ்ட் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

பெண் பாலூட்டிகளின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிவிடுகிறது. மேரி லயன் 1961இல் சொன்னது. அடக்குவது எக்ஸிஸ்ட் என்னும் லிங்க் ஆர்.என்.ஏ., நீளம் சுமார் 17,000 நியூக்ளியோடைடு, அதாவது எழுத்து. 1991இல் கண்டுபிடித்தார்கள். அதன் 5′ முனைக்கு, அதாவது தொடக்கத்துக்கு அருகே ‘ஏ-மீள்வரிசை’ என்று ஒரு பகுதி உண்டு. ஏறத்தாழ ஒரே மாதிரியான சிறு துண்டு எலியில் ஏழரை முறையும் மனிதரில் எட்டரை முறையும் திரும்பத் திரும்ப வரும், இடையிடையே யூரிடின் மிகுந்த இணைப்புகள். 2002இல் ஆன்டன் வுட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்து பார்த்தார்கள். எக்ஸிஸ்ட் குரோமோசோம் மேல் வழக்கம்போலப் பரவியது. ஆனால் மரபணுக்கள் அடங்கவில்லை. பரவும் வேலை ஒரு பகுதிக்கு, அடக்கும் வேலை வேறொரு பகுதிக்கு. எனக்கு இன்றும் பிடித்த சோதனை இது.

அடக்கும் பகுதி யாரைக் கூப்பிடுகிறது? 2008இல் ஜீனி லீயின் குழு பி.ஆர்.சி.2 என்றது. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது: அடங்கிய எக்ஸில் மெத்தில் குறி நிறைய, அந்தக் குறி இடுபவர் பி.ஆர்.சி.2, ஆர்.என்.ஏ.வோடு சேர்த்தால் ஒட்டவும் செய்கிறது. அதன்பின் ஏராளமான லிங்க் ஆர்.என்.ஏ.க்களுக்கு இதே கதை எழுதப்பட்டது. உங்கள் ஆய்வகம் எழுத நினைப்பதும் அதன் மறுபதிப்புதான்.

2015இல் எக்ஸிஸ்டையே செல்லுக்குள்ளிருந்து வெளியே இழுத்து, அதோடு எவையெல்லாம் வருகின்றன என்று சில குழுக்கள் பார்த்தன. மிட்செல் கட்மனின் குழு உயிருள்ள செல்லில் புற ஊதா ஒளியால் பிணைத்து, புரதங்கள் உருக்குலையும் அளவுக்குக் கடுமையாகக் கழுவியது. எஞ்சியவை 10 புரதங்கள். பி.ஆர்.சி.2 அந்தப் பட்டியலில் இல்லை. அதில் இருந்த ஸ்பென் என்ற புரதத்தை நீக்கினால் அடக்கமே நின்றுவிட்டது. ஹோவர்ட் சாங்கின் குழு ஃபார்மால்டிஹைடால் பிணைத்துப் பார்த்தது, அங்கே 81 புரதங்கள். ஃபார்மால்டிஹைடு புரதத்தோடு புரதத்தையும் கட்டிப்போடும். ஆகையால் கைகுலுக்கியவரோடு அவர் தோளில் கை போட்டிருந்தவரும் பட்டியலுக்கு வந்துவிடுவார். ஸ்பென் இரண்டிலும் இருந்தது. அதே ஆண்டு மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து தேடிய வேறு குழுக்களும் ஸ்பென்னிடமே வந்து நின்றன.

#3 நெல்லிக்கனி

ஐயா, மிக்க நன்றி. அப்படியென்றால் அடங்கிய எக்ஸில் பி.ஆர்.சி.2 இருப்பது பொய்யா?

#4 பழைய_பைப்பெட்

ஐயா இல்லை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அக்கா என்றே சொல்லுங்கள்.

இருப்பது உண்மைதான், வரும் வழிதான் வேறு. எக்ஸிஸ்டின் வேறொரு மீள்வரிசைப் பகுதி ஹெச்.என்.ஆர்.என்.பி.-கே என்ற புரதத்தைப் பிடிக்கிறது. அது பி.ஆர்.சி.1 என்ற வேறொரு கூட்டமைப்பின் ஒரு வகையை அழைத்து வருகிறது. அந்தப் பி.ஆர்.சி.1 ஹிஸ்டோன் எச்2ஏ-வில் யுபிகுவிட்டின் குறி இடுகிறது. அந்தக் குறியைப் படித்துக்கொண்டுதான் பி.ஆர்.சி.2 வருகிறது. நீல் பிராக்டார்ஃபின் குழு 2017இல் இதை வெளியிட்டது. ஆக, எக்ஸிஸ்டுக்கும் பி.ஆர்.சி.2-க்கும் இடையே இரண்டு தரகர்கள்.

#5 கணக்குப்பிள்ளை

நெல்லிக்கனி அவர்களே, அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மடிப்பைக் கணிக்கும் நிரல் ‘இதற்கு வடிவம் இல்லை’ என்று ஒருபோதும் சொல்லாது. எந்த வரிசையைக் கொடுத்தாலும் மிகக் குறைந்த ஆற்றலுள்ள மடிப்பு ஒன்றைக் கண்டுபிடித்து வரைந்துவிடும், அதற்கான கருவி அது. உங்கள் வரிசையின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் நான்கு கொண்டை ஊசி வளைவுகள் வரும், வேண்டுமானால் பந்தயம்.

வடிவம் முக்கியம் என்றால் பரிணாமம் அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஜி மாறி ஏ ஆனால், எதிரே இருக்கும் சி மாறி யூ ஆக வேண்டும். எழுத்துகள் மாறியும் இணை மாறாமல் இருப்பதுதான் சாட்சி. ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களின் மடிப்பை இப்படித்தான், பல உயிரினங்களின் வரிசைகளை அடுக்கி ஒப்பிட்டே, கணித்தார்கள். 2000இல் வெங்கி ராமகிருஷ்ணன், அடா யோனத் ஆகியோரின் குழுக்கள் சிறு துணையலகின் படிக அமைப்பையும் தாமஸ் ஸ்டைட்ஸின் குழு பெருந்துணையலகின் அமைப்பையும் வெளியிட்டன. சரிபார்த்தபோது கணித்த இணைகளில் 97 சதவீதத்துக்கு மேல் படிகத்தில் அப்படியே இருந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதன் வலிமை அவ்வளவு.

இப்போது லிங்க் ஆர்.என்.ஏ.க்கு வருவோம். எலெனா ரிவாஸும் ஷான் எடியும் 2017இல் இதற்கென்று ஒரு புள்ளியியல் சோதனை உருவாக்கி, ஹாட்டேர், எஸ்.ஆர்.ஏ. என்ற லிங்க் ஆர்.என்.ஏ.க்கள், எக்ஸிஸ்டின் ஏ-மீள்வரிசை ஆகியவற்றுக்கு முன்வைக்கப்பட்ட வடிவங்களைப் பார்த்தார்கள். எதற்கும் இந்தச் சாட்சி கிடைக்கவில்லை. அந்தப் படங்களை இன்னும் பாடநூல்களில் அச்சிடுகிறார்கள் என்பது என் தீராத மனக்குறை.

#6 முப்புரி

கணக்குப்பிள்ளை வழக்கம்போலப் பாதியில் நிறுத்திவிட்டார்.

சாட்சி இல்லை என்பதும் குற்றம் நடக்கவில்லை என்பதும் ஒன்றா? எழுத்துகள் மாறினால்தான் இணைந்து மாறுவது தெரியும். பாலூட்டிகளுக்குள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் வரிசையை அடுக்கினால் மாற்றமே இருக்காது, சோதனைக்கும் கண் தெரியாது. அன்னா பைலின் குழு 2019இல் அளவுகோல்களை மாற்றிப் பார்த்துவிட்டு, சாட்சி இருக்கிறது என்று வாதிட்டது. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

தவிர, வடிவம் கண்ணாலேயே பார்க்கப்பட்ட இடங்கள் உண்டு. என் பெயரே அதிலிருந்து வந்ததுதான். மாலட்1 என்ற லிங்க் ஆர்.என்.ஏ.வுக்கு 3′ முனையில், அதாவது கடைசியில், வழக்கமான ஏ-வால் (ஏ எழுத்துகளின் தொடர்) கிடையாது. ஆர்.என்.ஏஸ் பி என்ற நொதி அந்த முனையை வெட்டுகிறது. அங்கே யூரிடின் மிகுந்த இரண்டு பகுதிகள் அடினின் மிகுந்த ஒரு பகுதியை இரு பக்கமும் அணைத்து, மூன்று இழையாக முறுக்கிக்கொள்கின்றன. முனையிலிருந்து அரித்துத் தின்னும் நொதிகளுக்கு அதில் பல் இறங்குவதில்லை. 2014இல் ஜோன் ஸ்டைட்ஸ், தாமஸ் ஸ்டைட்ஸ் ஆகியோரிடமிருந்து அதன் படிக அமைப்பு வந்தது. மெட்டில்16 என்ற புரதம் இந்த முப்புரியைப் பிடிப்பதும் பிறகு தெரிந்தது. இங்கே வடிவத்தைக் கலைத்தால் ஆர்.என்.ஏ.வே அழிந்துவிடும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

#7 கணக்குப்பிள்ளை

மாலட்1-ஐ நான் மறுக்கவே இல்லையே. ஆனால் 8,000 நியூக்ளியோடைடுக்கு மேல் உள்ள நூலில் நீங்கள் காட்டுவது கடைசி நூற்றுச் சொச்சம். மீதியின் வடிவம்? அதோடு, மாலட்1 இல்லாத எலிகளை 2012இல் மூன்று குழுக்கள் தனித்தனியே உருவாக்கின. எலிகள் நன்றாகவே இருந்தன. அழகிய வடிவம் இருந்தால் அவசியமான வேலையும் இருக்கும் என்று எந்த விதியும் இல்லை.

#8 முப்புரி

நூல் முழுக்க ஒரே சிற்பமாக மடிந்திருக்கும் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ரைபோசோமைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றும். இவை பெரும்பாலும் தளர்ந்த கயிறு, அங்கங்கே இறுக்கமான முடிச்சு. முடிச்சில் வேலை நடக்கிறது. ஏ-மீள்வரிசையும் அப்படித்தான். ஒவ்வொரு துண்டும் தனக்குள் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளாக மடியும் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு ஒரு துண்டு அடுத்த துண்டோடு இணைவதாக அணுக்காந்த ஒத்ததிர்வு ஆய்வில் தெரிந்தது. 2016இல் சாங்கின் குழு செல்லுக்குள்ளேயே சோராலென் என்ற வேதிப்பொருள் கொண்டு இணைகளைப் பூட்டிப் பார்த்தது. துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, எந்தத் துண்டு எதோடு என்பதில்கூடக் கட்டாயம் இல்லை. இரட்டை இழை முடிந்து ஒற்றை இழை தொடங்கும் எல்லையில் ஸ்பென் உட்காருகிறது.

உங்கள் புள்ளியியல் தேடுவது ‘இவருக்கு இவர்தான் துணை’ என்ற நிலையான இணை. துணையை மாற்றிக்கொண்டே இருக்கும் கூட்டத்தில் அது கிடைக்காமல் போவதில் வியப்பென்ன?

#9 கணக்குப்பிள்ளை

இது நல்ல வாதம். யோசிக்கிறேன்.

#10 வாசலில்_நிற்பவர்

மன்னிக்கவும், நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். எங்கள் வீட்டுப் பூனையின் உடம்பில் கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத்திட்டாக இருப்பதற்கு இந்த எக்ஸ் அடக்கம்தான் காரணம் என்று எங்கோ படித்தேன். சரியா? இரண்டாவது, ஒரு குரோமோசோமையே மூட எக்ஸிஸ்ட் எத்தனை ஆயிரம் பிரதிகள் வேண்டும்?

#11 பழைய_பைப்பெட்

பூனை சரிதான், ஐயா. ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸில் இருக்கிறது. எந்தத் திட்டில் எந்த எக்ஸ் அடங்கியதோ அதற்கேற்ற நிறம். உங்கள் பூனை பெட்டையாகத்தான் இருக்கும், தவறினால் மிக அரிதான ஆண்.

இரண்டாவது கேள்விக்கு விடை கேட்டால் நம்ப மாட்டீர்கள். ஆயிரங்கள் இல்லை. 2021இல் வெளியான மீநுண் ஒளிப்பட ஆய்வில், எலி செல்லில் சுமார் 50 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு எக்ஸிஸ்ட். ஆக நூறு பிரதிகள். மூட வேண்டிய மரபணுக்களோ ஆயிரத்துக்கும் மேல். மரபணுவுக்கு ஒரு பிரதி என்ற கணக்கே அடிபட்டுப்போகிறது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஸ்பென் போன்ற புரதங்கள் வந்து போய்க்கொண்டே, அந்த வட்டாரத்தில் தங்கள் செறிவைக் கூட்டிவிடுகின்றன. மீள்வரிசை ஏன் ஏழெட்டு முறை வருகிறது என்பதும் இதனால் புரிகிறது: ஒரே நூலில் பல இருக்கைகள்.

#12 ஈ_வளர்ப்பவன்

எல்லோரும் பாலூட்டிகளிலேயே நிற்கிறீர்கள். வடிவம் அசைவதைக் காண வேண்டுமானால் பழ ஈயிடம் வாருங்கள்.

பழ ஈயில் கணக்கு தலைகீழ். பெண்ணின் எக்ஸை அடக்குவதற்குப் பதில் ஆணின் ஒற்றை எக்ஸை இரு மடங்கு வேலை வாங்குகிறார்கள். அதற்கு ரோஎக்ஸ்1, ரோஎக்ஸ்2 என்று இரண்டு லிங்க் ஆர்.என்.ஏ.க்கள். முதலாவது ஏறத்தாழ 3,700 நியூக்ளியோடைடு, இரண்டாவது சுமார் 600. வரிசையில் ஒற்றுமை மிகக் குறைவு. ஆனால் ஒன்று இல்லாவிட்டால் மற்றது வேலையைச் செய்துவிடும். இரண்டும் இல்லையென்றால் ஆண் ஈக்கள் பெரும்பாலும் இறந்துவிடும். பொதுவாக இருப்பது 3′ பக்கத்தில் உள்ள சில கொண்டை ஊசி வளைவுகளும், அவற்றில் வரும் ‘ரோஎக்ஸ் பெட்டி’ என்ற எட்டெழுத்துச் சிறு வரிசையும்தான்.

சுவையான பகுதி இனிமேல்தான். எம்.எல்.ஈ. என்று ஒரு ஹெலிகேஸ், அதாவது முறுக்கைப் பிரிக்கும் நொதி. அது இந்த வளைவைப் பிடித்து, ஏ.டி.பி.யைச் செலவழித்துப் பிரிக்கிறது. பிரித்தபின் நூல் வேறு விதமாக மடிகிறது. அப்போதுதான் எம்.எஸ்.எல்.2 என்ற அடுத்த புரதம் ஒட்டுகிறது. 2013இல் இரண்டு குழுக்கள் காட்டின. ஆக, முதல் புரதத்துக்கு வேண்டிய வடிவம் ஒன்று, இரண்டாவதற்கு வேண்டிய வடிவம் மற்றொன்று. நீங்கள் சோதனைக் குழாயில் சூடாக்கி ஆறவைத்து மடித்த ஆர்.என்.ஏ.வில் ஹெலிகேஸ் எங்கே இருக்கிறது? செல்லுக்குள் இருக்கும் வடிவம் அதுதான் என்று எப்படிச் சொல்வீர்கள்?

#13 முப்புரி

அருமை. எனக்கும் கணக்குப்பிள்ளைக்கும் சேர்த்து விழுந்த அடி இது.

#14 நெல்லிக்கனி

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்நூலில் குவானின் வரிசைகள் ஐந்து இடத்தில் இருக்கின்றன, அக்கா சொன்னது சரி. இனி நான் என்ன செய்ய வேண்டும்? ஆர்.என்.ஏ.வோடு வரும் புரதங்களை அடையாளம் காணும் நிறை அளவியல் கருவி எங்களிடம் கிடையாது, பக்கத்து நிறுவனத்தில் கெஞ்ச வேண்டும்.

#15 பழைய_பைப்பெட்

கெஞ்சுவதற்கு முன்னால் கையில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை உண்டு.

குழாயில் இழுப்பதை நிறுத்துங்கள். உயிருள்ள செல்களை 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் காட்டுங்கள். நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆர்.என்.ஏ.வையும் புரதத்தையும் மட்டுமே அது பிணைக்கும், புரதத்தோடு புரதத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். பிணையும் அளவு மிகக் குறைவு, அதனால் செல்கள் கோடிக்கணக்கில் தேவைப்படும், கைவலியோடு தயாராகுங்கள். பிறகு கடுமையாகக் கழுவுங்கள். மென்மையான கழுவலில், செல்லை உடைத்தபின் குழாய்க்குள்ளேயே சந்தித்துக்கொண்டவர்களும் ‘நாங்கள் பழைய நண்பர்கள்’ என்று வந்து நிற்பார்கள்.

கட்மனின் குழு 2024இல் செய்த சோதனையைக் கட்டாயம் படியுங்கள். அடையாள வால் ஒட்டிய புரதம் இருக்கும் மனித செல்லையும், அது இல்லாத எலி செல்லையும் தனித்தனியே ஒளியில் பிணைத்துவிட்டு, பிறகு கலந்தார்கள். எலியின் ஆர்.என்.ஏ. அந்தப் புரதத்தோடு வந்தால் அது செல்லுக்குள் நடந்த உறவாக இருக்கவே முடியாது. வழக்கமான முறையில் பி.ஆர்.சி.2 எலியின் ஆர்.என்.ஏ.வையும் அள்ளிக்கொண்டு வந்தது. புரதம் உருக்குலையும் அளவுக்குக் கழுவியபோது அதன் ஆர்.என்.ஏ. பிடிப்பே காணாமல்போனது. ஸ்பென்னின் பிடிப்பு அப்படியே இருந்தது. பி.ஆர்.சி.2-க்கு ஆர்.என்.ஏ. தேவை என்று வாதிடுவோர் இன்னும் இருக்கிறார்கள், செக்கின் தரப்பும் அதில் ஒன்று. ஆனால் மணிகளில் வந்த பட்டையை மட்டும் காட்டி இனி யாரையும் நம்பவைக்க முடியாது.

#16 முப்புரி

வடிவத்துக்கு: இணையாத இடங்களில் வேதிக் குறி இட்டுக் காட்டும் டி.எம்.எஸ். அல்லது ஷேப் முறையைச் செல்லுக்குள்ளேயே செய்யுங்கள். டி.எம்.எஸ். இணையாத ஏ, சி எழுத்துகளில் மெத்தில் ஒட்டும். ஷேப் வேதிப்பொருள்கள் அசையக்கூடிய இடங்களின் முதுகெலும்பில் ஒட்டும். குழாயில் ஒருமுறை, செல்லில் ஒருமுறை செய்து ஒப்பிடுங்கள். குழாயில் திறந்திருந்து செல்லில் மூடியிருக்கும் இடம் புரதம் அமர்ந்த இடமாக இருக்கலாம்.

அதன்பின் நிரூபணம், அது பழைய முறைதான். இரண்டாவது வளைவின் இடக்கரத்தை மாற்றி இணையைக் கெடுங்கள், பிடிப்பு போக வேண்டும். வலக்கரத்தை மட்டும் கெடுங்கள், அப்போதும் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றி, எழுத்துகள் வேறாகவும் இணை சரியாகவும் இருக்கச் செய்யுங்கள். பிடிப்பு திரும்பினால் புரதம் வடிவத்தைப் பார்க்கிறது. திரும்பாவிட்டால் எழுத்தைப் பார்க்கிறது, அல்லது இரண்டையும்.

#17 கணக்குப்பிள்ளை

முதல்முறையாக முப்புரி சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன். பரிணாமம் செய்ய வேண்டியதை உங்கள் கையால் செய்யச் சொல்கிறார், அவ்வளவுதான். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

#18 ஈ_வளர்ப்பவன்

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஆகாதா என்று எங்கள் மாணவன் தினமும் கேட்கிறான். வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 3 என்ற நிரல் ஆர்.என்.ஏ.வையும் புரதத்தையும் சேர்த்து வரைகிறது, உண்மைதான். ஆனால் 2022ஆம் ஆண்டின் காஸ்ப் என்ற வடிவக் கணிப்புப் போட்டியில் ஆர்.என்.ஏ. பிரிவில் முன்னால் நின்றவை மனித நிபுணர்கள் கைவைத்த குழுக்கள். புரதங்களுக்குக் கிடைத்த அளவு படிக அமைப்புகள் ஆர்.என்.ஏ.வுக்கு இல்லையே, அது எதைப் பார்த்துக் கற்கும்?

#19 நெல்லிக்கனி

ஏழு வாரம் கழித்து வருகிறேன், இழை இன்னும் திறந்திருப்பதில் மகிழ்ச்சி.

ஒளியால் பிணைத்து, கடுமையாகக் கழுவினேன். ஈ.இசட்.எச்.2 பட்டை இல்லை. இரண்டு முறை செய்தேன், இரண்டு முறையும் இல்லை. ஆய்வகக் கூட்டத்தில் படத்தைக் காட்டியபோது ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு வழிகாட்டி, இதை முன்பே செய்திருக்கலாம் என்றார். என்னிடமா, தன்னிடமா சொன்னார் என்று தெரியவில்லை.

ஆனால் அதே சவ்வில் பி.டி.பி.பி.1 என்ற ஆர்.என்.ஏ. பிடிக்கும் புரதத்துக்கும் பார்த்தேன், சும்மா ஒரு ஒப்பீட்டுக்காக. பட்டை நிற்கிறது. ஒளி காட்டாத செல்லில் இல்லை. தொடர்பில்லாத வரிசையுள்ள ஆய்விகளால் (ஆர்.என்.ஏ.வைப் பிடித்து இழுக்கும் சிறு நூல்களால்) இழுத்தபோதும் இல்லை. என் ஆர்.என்.ஏ.வில் அது பிடிக்கக்கூடிய பைரிமிடின் (சி, யூ எழுத்துகள்) வரிசை இரண்டாவது வளைவின் தலையில் இருக்கிறது. இடக்கரம் கெட்ட வடிவம் செய்துவிட்டேன். பிடிப்பு குறைகிறது, போய்விடவில்லை.

#20 பழைய_பைப்பெட்

குறைகிறது என்றால் எவ்வளவு? எத்தனை முறை செய்தீர்கள்?

#21 நெல்லிக்கனி

பாதிக்குச் சற்றுக் கீழே, அக்கா. மூன்று முறை. வலக்கரம் அடுத்த வாரம். இரண்டும் சேர்ந்ததற்கான வரிசையை ஆர்டர் செய்திருக்கிறேன், இன்னும் வந்து சேரவில்லை.

#22 கணக்குப்பிள்ளை

அந்த வளைவை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், வேறு பாலூட்டிகளில் அந்தத் தலையில் பைரிமிடின் நிற்கிறதா என்று அடுக்கிப் பார்க்கிறேன். பெயர் வேண்டாம், எழுத்துகள் போதும்.